முதியோரின் உணவும் நம் மனச்சான்றும்

“சாமி, அப்பாவுக்கு 78 வயது ஆகிறது. பல வருடமாகச் சர்க்கரை. திருவிழாவுக்கு ஒரு லட்டு கேட்கிறார். கொடுத்தால் பாவமா, கொடுக்காவிட்டால் பாவமா?” இவ்வகைக் கேள்வியைச் சந்திக்காத பங்குத்தந்தை இன்று தமிழகத்தில் ஒருவரேனும் இருப்பாரா என்பது ஐயமே. கேட்பவர் பாதி விளையாட்டாகவே கேட்கிறார். பதில் சொல்பவரும் சிரித்துக்கொண்டே, “டாக்டரைக் கேளுங்கள்” என்று அனுப்பிவிடுவதுண்டு. ஆனால் இது மருத்துவரிடம் அனுப்பித் தீர்த்துவிடக் கூடிய கேள்வி அன்று. ஒரு லட்டு இரத்தத்தில் சர்க்கரையை எப்படி உயர்த்தும் என்பதை மருத்துவர் சொல்வார். தந்தையின் தட்டிலிருந்து அதை எடுத்துவிட மகனுக்கு உரிமை உண்டா என்பதை எந்தப் பரிசோதனைக் கூடமும் சொல்லாது. தாய் தந்தையரை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளையும், உயிரைக் காக்கப் பணிக்கும் ஐந்தாம் கட்டளையும் அந்த ஒரு தட்டின் இருபுறமும் நிற்கின்றன. மறைக்கல்வி வகுப்பில் அவ்விரண்டையும் அடுத்தடுத்து மனப்பாடம் செய்தோம். அவை ஒன்றோடொன்று உரசக்கூடும் என்று எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

நோய் எத்துணைப் பரவியிருக்கிறது என்பதை நீட்டி விளக்கத் தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று கணக்கிட்டது. தமிழகத்தில் வயது வந்தோர் நூறு பேரில் ஏறத்தாழ 14 பேர். நமது ஞாயிறு திருப்பலியில் முன்வரிசைகளில் அமரும் முதியோரை மட்டும் எண்ணினால் விகிதம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

நீரிழிவு, மதுமேகம் என்று நம் முன்னோர் இந்நோய்க்குப் பெயரிட்டிருந்தனர். ஆனால் நோயோடு நெடுநாள் வாழ்ந்து, அதனுடனேயே மூப்பெய்துவது மனித குலத்திற்குப் புதிய அனுபவம். இன்சுலின் கிடைப்பதற்கு முன்பு, இளவயதில் கடுமையான நீரிழிவு கண்டோருக்கு மருத்துவம் தர இயன்றதெல்லாம் பட்டினி உணவுதான். அது சாவைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டது, அவ்வளவே. 1922 சனவரியில் கனடா நாட்டின் தொரொன்றோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதைக் கண்டறிந்தோர் தம் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் என்ற விலைக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டனர். உயிர் காக்கும் அறிவு ஒருவருடைய தனிச்சொத்தாகிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நம் மறையுரைகளில் நான் கேட்டதில்லை. அதன் பின்னர் மாத்திரைகளும் வந்தன, ஆயுள் நீண்டது, எண்பது வயதுச் சர்க்கரை நோயாளி என்றொரு மனிதர் நம் வீடுகளில் தோன்றினார். அவரை எப்படி நடத்துவது என்ற ஒழுக்கவியலை மட்டும் நாம் இன்னும் முழுதாக எழுதிக்கொள்ளவில்லை.

இந்நோயின் இயல்பே மனச்சான்றைச் சோதிப்பது. பல்வலி வந்தவருக்கு அறிவுரை தேவைப்படாது. வலியே அவரை மருத்துவரிடம் இழுத்துச் செல்லும். சர்க்கரையோ வலிப்பதில்லை. இன்று தின்ற இனிப்புக்கும் பத்தாண்டு கழித்து மங்கும் கண்ணுக்கும், மரத்துப்போகும் பாதத்துக்கும், தளரும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பை நோயாளி தம் உடலில் உணர்வதில்லை. பிறர் சொல்லி நம்ப வேண்டியிருக்கிறது. காணாமல் நம்புவது எவ்வளவு கடினம் என்பது கிறிஸ்தவர்களாகிய நமக்குத் தெரியாததன்று. எண்பது வயதில் ஒருவரிடம், “இன்னும் பத்து ஆண்டு கழித்து வரும் கேட்டுக்காக இன்று இதை விடுங்கள்” என்று சொல்லும்போது, அவர் மெல்லச் சிரித்துவிட்டுப் போனால் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நியாயமும் உண்டு.

உயிரைக் காக்கும் கடமைக்கு எல்லை உண்டா என்பதைத் திருச்சபையின் அறநெறி வல்லுநர்கள் நெடுங்காலமாகவே ஆராய்ந்து வந்துள்ளனர். 16-ஆம் நூற்றாண்டில் சலமான்காவில் கற்பித்த தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா இதே உணவுப் பிரச்சினையையே எடுத்துக்கொண்டார் என்பது நமக்கு வியப்பளிக்கும். கோழியும் பறவைக் கறியும் உண்டால் இன்னும் இருபது ஆண்டுகள் வாழலாம் என்று மருத்துவர் சொன்னாலும், எல்லாரும் உண்ணும் பொதுவான உணவை உண்டு வாழ்பவர் குற்றவாளி ஆகார் என்பது அவர் கருத்து. உண்பதே பெரும் வேதனையாகிவிட்ட நோயாளி உண்ண இயலாமற்போனால் அவரையும் அவர் குறை கூறவில்லை. இம்மரபின் வழியில்தான் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பரில் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளும் கடமை நமக்கு உண்டு, தனக்கோ பிறர்க்கோ பெருஞ்சுமையாகும் வழிகளைக் கையாளும் கட்டாயம் இல்லை என்று கற்பித்தார். எது சாதாரணம், எது பெருஞ்சுமை என்பது ஆளுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

இதைக் கேட்டதும் லட்டுக்கு அனுமதிச்சீட்டு கிடைத்துவிட்டதாக மகிழ்பவர் அவசரப்பட வேண்டாம். விட்டோரியா விலையுயர்ந்த பத்திய உணவிலிருந்து விலக்கு அளித்தாரேயன்றி, கேடு செய்யும் உணவைத் தேடி உண்ண உரிமை அளிக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குவது எந்த அளவுகோலாலும் சாதாரண வழிதான். உணவுக்குப் பின் சற்று நடப்பது, சோற்றைக் குறைத்துக் காயையும் கீரையையும் பருப்பையும் கூட்டுவது, ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைக் காட்டுவது, மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை இரத்தம் சோதிப்பது என இவையெல்லாம் அப்படியே. இவற்றை, “கடவுள் விட்ட வழி” என்று சொல்லித் தட்டிக் கழிப்பவர் கடவுளின்மேல் வீண்பழி சுமத்துகிறார். சீராக்கின் ஞானநூலில் 37-ஆம் அதிகாரத்தின் முடிவையும் 38-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். முன்னது, உனக்குக் கேடு செய்வது எது என்று கண்டு அதை விலக்கு, எல்லாம் எல்லாருக்கும் நன்மை தராது என்ற பொருளில் பேசுகிறது. பின்னது, மருத்துவரையும் மண்ணிலிருந்து கிடைக்கும் மருந்தையும் மதிக்கச் சொல்கிறது. அடங்காத உணவாசையிலிருந்து மருத்துவரிடம் நேராக வந்து நிற்கும் அந்த வரிசை தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மறுபக்கம் ஒன்று உண்டு. அதை நம் குடும்பங்கள் போதிய அளவு அறியவில்லை. கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியதுண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்த ‘அக்கார்டு’ என்னும் ஆய்வில், ஒரு பிரிவினருக்குச் சர்க்கரையை நலமுள்ளவர் அளவுக்கே இறக்க மருந்துகள் கூட்டிக் கொடுக்கப்பட்டன. அந்தப் பிரிவில் 257 பேர் இறந்தனர். மிதமான கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் 203 பேர். 2008 பிப்ரவரியில் அந்தத் தீவிர சிகிச்சை நிறுத்தப்பட்டது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி என்ற அளவு, திடமாக நடமாடும் முதியவருக்கு 7 அல்லது 7.5-க்குள் இருந்தால் நன்று. பல நோய்களோடு தளர்ந்தவருக்கு 8 வரை போனாலும் போதும். படுத்த படுக்கையாய் இருப்பவரிடம் அந்த எண்ணையே துரத்த வேண்டாம், அவர் துன்புறாமல் இருப்பதைப் பார்த்தால் போதும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்களின் போக்கு.

காரணம், முதியவருக்கு உடனடி ஆபத்து பெரும்பாலும் ஏறும் சர்க்கரையில் இல்லை, இறங்கும் சர்க்கரையில் இருக்கிறது. டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு. முதியோரிடம் இவையும் தெளிவாகத் தெரிவதில்லை. திடீர்க் கோபம், சம்பந்தமில்லாத பேச்சு, தள்ளாட்டம் என்று அது வேடம் மாறி வரும். “அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது”, “அப்பா முரண்டு பிடிக்கிறார்” என்று வீட்டார் வருந்திக்கொண்டிருக்கும் வேளையில் மூளை சர்க்கரைக்கு ஏங்கிக் கிடக்கலாம். இரவில் எழுந்தவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதோடு அவருடைய நடமாட்டமே முடிந்துபோவதும் உண்டு. கிளிபென்கிளமைடு போன்று உடலில் நெடுநேரம் வேலை செய்யும் பழைய மாத்திரைகள் சிறுநீரகம் தளர்ந்த முதியோருக்கு ஏற்றவையல்ல என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். பல வீடுகளில் பத்தாண்டுக்கு முந்தைய சீட்டை வைத்துக்கொண்டு அதே மாத்திரையைக் கடையில் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். சர்க்கரை இறங்கியவருக்கு நினைவு இருக்குமானால் செய்ய வேண்டியது ஒன்றே: 15 கிராம், அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் சோதிப்பது. நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, உடனே மருத்துவமனைதான். பாட்டிக்கு எட்டாமல் பூட்டி வைத்த அதே டப்பா அந்த வேளையில் பாட்டியின் உயிருக்கு மருந்து. திறவுகோலை வைத்திருப்பவர் வெளியூருக்குப் போயிருந்தால் என்ன செய்வது?

அந்தப் பூட்டைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். ஒரு காலத்தில் அந்தச் சமையலறையை ஆண்டவர் அந்தப் பாட்டி. மகனுக்குப் பசியறிந்து சோறிட்டதும், பேரனுக்கு அதிரசம் சுட்டதும், கிறிஸ்துமசுக்குத் தெருவெல்லாம் பலகாரம் கொடுத்தனுப்பியதும் அவருடைய கைகள். இன்று அதே வீட்டில், கதவுக்குப் பின்னே ஒரு வெல்லக்கட்டியைத் திருடனைப் போல விழுங்கிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார். பேரக்குழந்தை பார்த்துவிட்டு, “அப்பா, பாட்டி இனிப்புச் சாப்பிட்டாங்க” என்று கூவுகிறது. குழந்தையை ஒற்றனாகவும், தாயைக் கள்ளியாகவும் ஆக்கிவிட்டோமே, இதற்கு எந்தக் குளுக்கோமீட்டரில் அளவு தெரியும்? அவர் இரண்டு வேளை மாத்திரை போட்டதாகச் சொல்வது பொய். இது சர்க்கரை சேர்க்காத பாயசம் என்று மகன் சொல்வதும் பொய். ஒருவரையொருவர் நன்மைக்காகவே ஏமாற்றிக்கொள்ளும் வீட்டில் உண்மை மெல்லச் செத்துப்போகிறது. உயிரைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அந்த உயிர் வாழ்வதற்குரிய நம்பிக்கையை அழித்துவிடுகிறோம்.

வெளிநாட்டிலிருந்து மகன் தொலைபேசியில் அழைக்கிறான். முதல் கேள்வி, “சுகர் எவ்வளவு?” எண் குறைவாக இருந்தால் மகிழ்ச்சி, கூடினால் கண்டிப்பு. தூங்கினாயா, யாரோடு பேசினாய், கோவிலுக்குப் போக முடிந்ததா என்பவை அதற்குப் பின்னால், நேரம் இருந்தால். அன்பில்லாமல் கேட்கவில்லை, அன்பு காட்ட வேறு வழி தெரியாமல் கேட்கிறான். ஆயினும் தாய் ஓர் எண்ணாகச் சுருங்கிப்போகிறாள், அதுவும் மகனிடம் தேர்ச்சி பெற வேண்டிய எண்ணாக.

உயிர்த்த ஆண்டவர் ஏரிக்கரையில் பேதுருவிடம் முதுமையைப் பற்றிச் சொன்னதை நினைவுகூர்கிறோம்: இளமையில் தானே இடுப்பைக் கட்டிக்கொண்டு விரும்பிய இடம் சென்றவன், முதுமையில் கைகளை நீட்டுவான், வேறொருவர் அவனைக் கட்டி அவன் விரும்பாத இடத்துக்குக் கூட்டிச் செல்வார். அது அவருடைய மறைசாட்சியத்தைக் குறித்த சொல் என்று நற்செய்தியாளரே விளக்குகிறார். எனினும் ஒவ்வொரு முதியவரும் தம் கைகளை ஒருநாள் நீட்ட வேண்டியிருக்கிறது. அதை ஏற்பது அவருடைய தவம். கட்டுபவருக்கோ அது அதிகாரம் அன்று. நீட்டப்பட்ட கைகள் நம்மை நம்பி நீட்டப்பட்டவை.

இவ்வளவு சொன்ன பின் இளகிய மனத்தோர் சிலர், “அப்படியானால் விட்டுவிடுவோம் சாமி. இந்த வயதில் இனி என்ன? ஆசைப்பட்டதைத் தின்றுவிட்டுப் போகட்டும்” என்பர். இச்சொல் இரண்டு வாய்களிலிருந்து வருகிறது. ஒன்று உண்மையான இரக்கம். மற்றொன்று இரக்கத்தின் உடையை அணிந்த அலுப்பு. மருத்துவரிடம் கூட்டிப்போக நேரமில்லை, தனியாகச் சமைக்க மனமில்லை, ஆகவே தாராளம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. நரம்பு மரத்துப்போன பாதத்தில் முள் குத்தியதே தெரியாமல் புண்ணாகி, சீழ்பிடித்து, நாற்றமெடுக்கும் நாளில், அன்று லட்டைக் கொடுத்த கை கட்டை அவிழ்த்துக் கழுவ வருமா? வரும் என்றால் அந்தத் தாராளத்துக்குக் காது கொடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடமை, பராமரிப்பு என்று ஆண்களாகிய நாம் பேசும்போது, எவருடைய கைகளைக் கொண்டு பேசுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. முடிவெடுப்பவன் மகன், இரண்டு அடுப்பில் இரண்டு சமையல் செய்பவள் மருமகள். மாமியாரின் கோபம் முதலில் அவள்மேல்தான் விழுகிறது. அளவு ஏறினால் கணவனின் கோபமும். இந்த அநீதிக்குத் தீர்வு எளிது என்பதுதான் வேடிக்கை. நீரிழிவு நோயாளிக்கென்று தனி உணவு என்று ஒன்று கிடையாது. அளவான சோறு, பருப்பு, மீன், காய்கறி, குறைந்த இனிப்பு என்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் நல்ல உணவு. ஒரே பானையில் சமைத்து ஒரே பாயில் அமர்ந்து உண்டால் முதியவருக்கு அது பத்தியமாகத் தோன்றாது. புனித தோமா அக்குவினாஸ் தன்னடக்கத்துக்கு அளவுகோலாக வைத்தது இவ்வாழ்வின் தேவையை. அந்தத் தேவை ஆளுக்கு ஆள் மாறுபடும். வீடு முழுவதும் கொஞ்சம் குறைத்துக்கொள்வதால் ஒருவருடைய விலக்கம் நீங்குமானால், அதுவும் ஒரு தவக்கால முயற்சியாகக் கொள்ளத் தக்கது.

அப்படியானால் லட்டு? மருத்துவரோடும் முதியவரோடும் முன்கூட்டிப் பேசி, அன்றைய சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, பாதி லட்டைத் தட்டில் எல்லார் முன்னிலையிலும் வைப்பதில் பாவம் எதையும் நான் காணவில்லை. அறிவு தெளிவாக உள்ள ஒருவர், விளைவைத் தெரிந்துகொண்டே, எப்போதோ ஒருமுறை அதற்கு மேலும் கேட்டால் அவரிடம் வாதிடலாம், கெஞ்சலாம், கையைப் பிடித்துப் பறிக்கக் கூடாது என்பது என் கருத்து. இதை ஏற்காத குருக்களும் இருக்கின்றனர், அவர்களோடு நான் பேசியும் இருக்கிறேன். தந்தையின் அறிவு மங்கினாலும் பொறுத்துக்கொள், உன் வலிமையின் செருக்கில் அவரை இகழாதே என்று சீராக் மூன்றாம் அதிகாரத்தில் எச்சரிப்பது, மங்காத அறிவுடைய தந்தைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும் அல்லவா?

குடும்பம் இதைத் தனியே சுமக்கவும் கூடாது. 1946-இல் போர் குழு நாடெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பரிந்துரைத்ததும், 1978-இல் அல்மா-ஆட்டா மாநாடு மக்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே அடிப்படை மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று உலகுக்கு அறிவித்ததும் இதற்காகத்தான். பதினோராம் பத்திநாதர் 1931-இல் வெளியிட்ட சுற்றுமடலில், சிறிய அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று கற்பித்ததையும் இங்கே இணைத்துப் பார்க்கலாம். மாதாந்தரச் சர்க்கரைச் சோதனைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாநகரத்துப் பெரிய மருத்துவமனை எதற்கு? கௌரவம் கருதி, தள்ளாத வயதினரைப் பேருந்தில் ஏற்றி அங்கே கொண்டுபோய், வெறும் வயிற்றில் வரிசையில் நிறுத்துகிறோம். தெருக்கோடியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை ஏழைகளுக்கானது என்று ஒதுக்குகிறோம். தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் அழுத்தமும் சோதித்து மாத்திரை தருவதும், படுக்கையில் உள்ளோரைச் செவிலியர் வந்து காண்பதும் அதன் உட்கூறுகள்.

வீடு தேடி வருபவர் காண்பது வேறு. ஆய்வறையில் அமர்ந்திருப்பவர் காண்பது வேறு. முதல் வெள்ளி தோறும் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் குருக்களுக்கும் இது தெரியும். கட்டிலுக்கடியில் தொங்கும் நெகிழிப் பையில் மூன்று மருத்துவர்களின் சீட்டுகள்; ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருப்பதை அறியாமல் இரண்டும் விழுங்கப்படுகின்றன. கண் மங்கிய பாட்டி வெள்ளை மாத்திரை காலைக்கு, மஞ்சள் மாத்திரை இரவுக்கு என்று நிறத்தை நம்பி வாழ்கிறார். கடைக்காரர் கம்பெனியை மாற்றினால் நிறமும் மாறிவிடும். பையை அப்படியே எடுத்துச் சென்று ஒரே மருத்துவர் முன் கொட்டிக் காட்டுங்கள் என்று நான் சொல்வதுண்டு. பெயரும் வீடும் தெரிந்த ஒரு செவிலியரின் கண்ணுக்குத் தப்பாத பல, நிபுணரின் கண்ணுக்குத் தப்பிவிடும். நம் மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இல்லம் சந்திக்கச் செல்கையில் செபமாலையோடு ஒரு நிமிடம் பாதங்களையும் பார்த்துவிட்டு வரலாம். பாதம் கழுவும் சடங்கை ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் சமூகத்துக்கு இது அந்நியமான பணி ஆகாது.

இனி, நம் பக்தி முயற்சிகள். நோன்பு பற்றிய திருச்சபைச் சட்டம் 18 வயது நிறைந்தோரை 59 வயது முடியும்வரை மட்டுமே கட்டுகிறது. அந்த எல்லையைத் தொட இன்னும் சில ஆண்டுகள் உள்ள என் போன்றோர் ஒருசந்தி இருப்பது கடமை. எழுபதைக் கடந்தோருக்குக் கடமையே இல்லை. ஆயினும் பெரிய வெள்ளியன்று சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, ஒருவாய்க் கஞ்சியும் இன்றி மூன்று மணிச் சடங்குக்கு வந்து நிற்பவர்கள் முதியோர்தாம். மாத்திரையும் பட்டினியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். “சின்ன வயதிலிருந்து விட்டதில்லை சாமி” என்பார்கள். அந்தப் பற்றுறுதியை நான் எளிதாக எண்ணவில்லை. ஆனால் திருச்சபை தானே விலக்களித்த பின், தன் விருப்பத்துக்கு மாறாக வேளைக்கு உண்பதில் உள்ள ஒறுத்தல், விருப்பத்தோடு பட்டினி கிடப்பதைவிடக் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சாக விரும்பிச் சூரைச் செடியின்கீழ்ப் படுத்த எலியாவிடம் வானதூதர் முதலில் சொன்னது எழுந்து உண் என்பதுதான்.

வேளாங்கண்ணிப் பாதயாத்திரையும் அவ்வாறே. ஆகஸ்டு 29-இல் கொடியேறுமுன்பே காவி உடுத்தி வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்கும் கூட்டத்தில், உணர்விழந்த பாதங்களுடைய முதியோரும் உண்டு. கொப்புளம் வலிக்காததால் அன்னை சுமந்துகொண்டு போகிறாள் என்று நம்பி நடக்கிறார்கள். ஊர் திரும்பியபின் விரலை எடுக்க வேண்டிவருகிறது. நேர்ச்சை செய்துவிட்டேனே என்ற அச்சமே பலரை நடத்துகிறது. அந்த அச்சத்துக்கு இடமில்லை. தனிப்பட்ட நேர்ச்சையைத் தக்க காரணத்தின் பொருட்டு நீக்கப் பங்குக்குருவுக்கு அதிகாரம் உண்டு என்று திருச்சபைச் சட்டம் 1196 கூறுகிறது. அதனினும் மேலான அல்லது நிகரான நற்செயலாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளலாம் என்று 1197 கூறுகிறது. நடக்க முடியாத அண்டை வீட்டாரை மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிச் செல்வதாக அதை மாற்றிக்கொண்டால், அன்னை கணக்குப் பார்த்துக் குறை சொல்வாள் என்று நான் அஞ்சவில்லை. நடந்தே தீருவேன் என்பவர் காலணி அணிந்தாவது, இரவுதோறும் உள்ளங்காலைப் பிறரைக்கொண்டு பார்த்தாவது நடக்கட்டும்.

முடிவுக் கட்டம் வேறு. அறிவு மங்கி, உணவு இறங்காமல் ஒருவர் படுத்துவிட்ட பின், விரலைக் குத்தி அளவு பார்ப்பதையும் மாத்திரையைப் பொடித்துப் புகட்டுவதையும் பிள்ளைகள் விட மறுக்கிறார்கள். நிறுத்தினால் நாமே கொன்றதாகும் என்று நடுங்குகிறார்கள். முதியோருக்குப் பெரும்பாலும் வரும் இரண்டாம் வகை நீரிழிவில், இறுதி நாட்களில் சர்க்கரை மருந்துகளை மருத்துவரே நிறுத்தச் சொல்வதுண்டு. உணவு குறைந்த உடலில் அம்மருந்து நன்மையைவிடத் தீமையே செய்யும். அது கைவிடுதல் அன்று. நாவறட்சிக்கு நீர் நனைப்பதும், புரட்டிப் படுக்க வைப்பதும், அருகே அமர்வதும் தொடரட்டும். நோயில் பூசுதலை அவஸ்தைப் பூசுதல் என்று அழைத்து, மூச்சு நிற்கும்வரை குருவை அழைக்கத் தயங்கிய வழக்கத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே திருத்திவிட்டது. முதுமையாலோ நோயாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே அதைப் பெறலாம்.

நற்கருணைக்கு முன் ஒருமணி நேரம் உண்ணாதிருக்கும் விதியிலிருந்து முதியோருக்கும் நோயாளருக்கும் விலக்கு உண்டு என்பது பலருக்குத் தெரியும். அதே சட்டம் 919-இன் மூன்றாம் பத்தி அவர்களைப் பராமரிப்போருக்கும் அவ்விலக்கை அளிக்கிறது என்பதைப் பலரும் அறியார். ஆகவே முதல் வெள்ளியன்று குரு வீட்டுக்கு வரும்போது, இரவெல்லாம் கண்விழித்துவிட்டுச் சற்று முன்புதான் ஒரு டம்ளர் காப்பி குடித்த மருமகள், “நான் காப்பி குடித்துவிட்டேன் சாமி” என்று கட்டிலருகிலிருந்து விலகிப் போக வேண்டியதில்லை.